பிள்ளைகள் தூங்கிய பிறகு ராக்

கேள்வி: வயது 46. வேலை, குடும்பம், இரண்டு பிள்ளைகள். எட்டுப் பாட்டு எழுதி வைத்திருக்கிறேன். இனிமேல் ஒரு ராக் ஆல்பம் முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ‘பாஸ்டன்’ என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் 1976 முதல் ஆல்பத்தில் பெரும்பகுதியை, அதன் கிதார் கலைஞர் டாம் ஷோல்ஸ், போலராய்டு கேமரா நிறுவனத்தில் பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டே வீட்டு நிலவறையில் பதிவு செய்தார்.

இரவில் ஆம்ப் (கிதார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) வேண்டாம். கிதாரை நேரே ஆடியோ இன்டர்ஃபேஸில் (கணினியில் ஒலியைப் பதிய உதவும் கருவி) செருகி, ஹெட்போனில் கேட்டு வாசியுங்கள். ஆம்ப் ஒலி சேராத அந்த வெறும் பதிவை அழிக்காதீர்கள். பிறகு ஒரு ஞாயிறு பகலில் ரீஆம்ப் பாக்ஸ் (பதிவான ஒலியை ஆம்புக்கு ஏற்றபடி மாற்றும் சிறு கருவி) மூலம் அதையே ஆம்புக்கு அனுப்பி, மைக் வைத்துப் பிடிக்கலாம்; டிஸ்டார்ஷன் (ராக் கிதாரின் கரகரப்பு) போதாவிட்டால் ஆம்பின் குமிழைத் திருகினால் போதும், மறுபடி வாசிக்க வேண்டியதில்லை. கிளிக் டிராக் (தாளம் பிசகாமல் காதில் ஒலிக்கும் ‘டிக் டிக்’) கட்டாயம். மாதக்கணக்கில் துண்டு துண்டாகப் பதிவு செய்பவருக்கு டெம்போ (பாட்டின் வேகம்) நழுவினால் ஒன்றும் ஒட்டாது.

எலக்ட்ரானிக் டிரம்ஸ் சத்தமில்லாதது என்று நம்பாதீர்கள். காலால் மிதிக்கும் கிக் பெடலின் உதை தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். டிரம்ஸுக்கு மட்டும் ஸ்டூடியோ எடுங்கள்.

குரலை விடுமுறை நாளின் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்துக்குப் பயந்து அடக்கிப் பாடிய குரல் ராக்கில் எடுபடவே எடுபடாது. எந்த இரவுகள் உங்களுடையவை என்பதை வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். கருவி வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.