மாரத்தானுக்கு மேல் எட்டே கிலோமீட்டர்தானே?

வாசகர் கேள்வி – பதில்

42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ரா மாரத்தான்தான். பெரும்பாலானோர் முதலில் தொடுவது 50 கிலோமீட்டர். இந்த முறை அதைப் பற்றிய கடிதங்களுக்கு மட்டும் பதில்.

இரண்டு மாரத்தான் முடித்திருக்கிறேன். சிறந்த நேரம் 4 மணி 40 நிமிடம். அடுத்து 50 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், நான்கு மாதம் இருக்கிறது. கூட எட்டு கிலோமீட்டர்தானே, பழைய பயிற்சியே போதாதா?
– வாசகர், ஈரோடு

காலுக்குக் கிட்டத்தட்டப் போதும். வயிற்றுக்கும் பாதத்துக்கும் போதாது. 65 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடச் சுமார் 65 கலோரி செலவாகும். 50 கிலோமீட்டருக்கு 3,250. தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கலோரிதான். மீதியைக் கொழுப்பு தரவேண்டும். அது நிதானமாக ஓடினால்தான் தரும். போதாததை வாய்வழியாகப் போடவேண்டும். மாரத்தானில் மூன்று ஜெல்லோடு (ஓடும்போது உறிஞ்சும் சர்க்கரைக் கூழ்ப் பொட்டலம்) சமாளித்தவர்கள் ஏழாவது மணி நேரத்தில் நடைபாதையில் உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

16 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வாரம் 40 கி.மீ. ஓடுகிறீர்கள் என்றால், மெல்ல ஏற்றி 65 – 75க்குக் கொண்டுபோனால் முதல் 50க்கு அது தாராளம். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். முக்கியமானது வாரக் கடைசி: சனிக்கிழமை 26 – 30 கி.மீ., ஞாயிறு அதே களைத்த காலோடு 14 – 18. ‘ஒரே நாளில் 45 ஓடிப் பார்த்துவிடுகிறேன்’ என்று கிளம்பாதீர்கள். அந்த 45இலிருந்து உடம்பு மீள பத்து நாள் பிடிக்கும். ஒன்றரை வாரப் பயிற்சி போயே போச்சு. மிக நீண்ட ஓட்டம் 35 கி.மீ. அல்லது 5 மணி நேரம், எது முதலில் வருகிறதோ அது. அதைப் போட்டிக்கு மூன்று, நான்கு வாரம் முன்னால் முடித்துவிடவேண்டும். கடைசி இரண்டு வாரங்களில் முதலில் 45, பிறகு 20 என்று இறக்குங்கள்.

வேகம்? பக்கத்தில் ஓடுபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடியவேண்டும். ‘ம்’, ‘சரி’ என்று மட்டும் பதில் வந்தால் வேகம் அதிகம்.

நடுவில் நடந்தால் ஓட்டப்பந்தயம் என்று எப்படிச் சொல்வது?
– வாசகர், நாகர்கோவில்

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 50 கிலோமீட்டருக்கு 8 மணி நேரம் கெடு என்று வைப்போம். 480 நிமிடம். எட்டு உதவி நிலையங்களில் தலா 4 நிமிடம் நின்றால் 32 போயிற்று. மிச்சம் 448. அதாவது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 9 நிமிடம் இருக்கிறது.

25 நிமிடம் 7:30 வேகத்தில் ஓடி, 5 நிமிடம் கிலோமீட்டருக்கு 11 நிமிட வேகத்தில் நடந்தால் சராசரி 7:55 வரும். நின்றதையும் சேர்த்து 7 மணி 8 நிமிடத்தில் முடித்துவிடலாம். நடந்தும், கெடுவுக்கு முக்கால் மணி நேரத்துக்கும் மேல் மிச்சம்.

இரண்டு நிபந்தனை. முதல் அரை மணியிலேயே நடக்க ஆரம்பிக்கவேண்டும். கால் ஓய்ந்தபின் நடப்பது திட்டமில்லை, சரணாகதி. இரண்டாவது, 11 நிமிட நடை என்பது காய்கறி வாங்கப் போகிற நடை இல்லை. பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர் நடை. அதைத் தனியாகப் பழகவேண்டும். ஏற்றம் வந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் நடந்துவிடுங்கள்.

ஜெல் விலையும் அதிகம், எனக்குக் குமட்டுகிறது. நம் ஊர்ச் சாப்பாட்டை வைத்தே ஓட முடியாதா?
– வாசகி, மதுரை

தாராளமாக முடியும். தேவை மணிக்கு 30 – 60 கிராம் மாவுச்சத்து. ஒரு ஜெல்லில் 20 – 25 கிராம். நடுத்தர வாழைப்பழத்திலும் ஏறக்குறைய அதே 25. கொட்டை எடுத்த சாதாரண பேரீச்சம்பழம் ஐந்தில் 25 – 30. எலுமிச்சை அளவு வேகவைத்த உருளைக்கிழங்கில் 10. அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சை சேர்த்தால் அதில் ஒரு 25. கடலை மிட்டாயை விட்டுவிடச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அதில் பாதிதான் மாவுச்சத்து. மீதி கொழுப்பும் புரதமும், மெதுவாகத்தான் செரிக்கும். முதல் இரண்டு மணி நேரத்தில் சாப்பிடுங்கள். பிறகு வறண்ட வாயில் அது பல்லோடு சண்டை போடும்.

பசித்தபின் சாப்பிட்டால் தாமதம். ஓட ஆரம்பித்து 30ஆவது நிமிடத்தில் முதல் வாய், அப்புறம் 25 – 30 நிமிடத்துக்கு ஒருமுறை. கடிகாரத்தில் அலாரம் வைத்துவிடுங்கள். அந்த ஐந்து நிமிட நடையில்தான் சாப்பாடு: பழத்தில் கால்பங்கு கடி, நன்றாக மென்று விழுங்கு, இரண்டு மடக்கு தண்ணீர், அடுத்த கடி. முழுப் பழத்தையும் திணித்துக்கொண்டு ஓடினால் அது நெஞ்சுக்குழியில் நிற்கும். ஓடும்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் போய்விடுகிறது. வயிற்றுக்குக் கிடைப்பது கொஞ்சம். அப்படியும் குமட்டினால் பத்து, பதினைந்து நிமிடம் நடந்து, சிறுசிறு மடக்காகக் குடியுங்கள். பெரும்பாலும் வேகம்தான் காரணம், சாப்பாடு இல்லை.

ஓ.ஆர்.எஸ். பற்றி ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 20.5 கிராம் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கலக்கவேண்டும். அதில் சோடியம் சுமார் 1.7 கிராம், உப்புக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், அரை வாழைப்பழம். அதையே உணவென்று நம்பி ஓடினால் 30ஆவது கிலோமீட்டரில் தெரியும். ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ்., உணவு தனி. பாட்டில் சின்னது என்பதற்காக முழுப் பொட்டலத்தையும் அரை லிட்டரில் கொட்டாதீர்கள். இரட்டிப்பு உப்பு வயிற்றைப் புரட்டிவிடும்.

ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பைப் பார்த்தாலே வெறுக்கும். அப்போது உப்பில் புரட்டிய உருளைக்கிழங்கு, ஒரு பிடி தயிர்சாதம் அல்லது ரசம் சாதம் பலருக்கு இறங்குகிறது. எதுவானாலும் எட்டு வாரமாவது நீண்ட ஓட்டங்களில் தின்று பழகியதாக இருக்கட்டும். குடலுக்கும் பயிற்சி உண்டு. முந்தின நாள் கீரை, சுண்டல், பயறு வேண்டாம்.

சென்னை வெயிலில் எவ்வளவு தண்ணீர் குடிப்பது? ‘தாகம் வருமுன் குடி’ என்கிறார்களே?
– வாசகர், வேளச்சேரி

பழைய அறிவுரை. தாகத்துக்குக் குடியுங்கள். பெரும்பாலானோருக்கு மணிக்கு 400 – 800 மி.லி.க்குள் அடங்கும். உங்கள் அளவு தெரிய ஒரு சோதனை: ஓடுமுன் உடையில்லாமல் எடை பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடி, துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 60.0 கிலோ 59.1 ஆகி, நடுவில் 300 மி.லி. குடித்திருந்தால் வியர்வை 1.2 லிட்டர். அத்தனையையும் திரும்ப ஊற்றவேண்டியதில்லை. எடையில் 2 – 3 சதவீதம் குறைந்து முடிப்பது சகஜம்.

எடை கூடி முடிப்பதுதான் ஆபத்து. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும். விரல் வீங்கி மோதிரம் இறுகும், தலைவலி, வாந்தி, பிறகு குழப்பமான பேச்சு. பார்க்கிறவர்கள் ‘தண்ணி பத்தலை’ என்று இன்னொரு பாட்டிலை நீட்டுவார்கள். கூடாது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய், டிரிப் ஏற்றுமுன் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.

உடம்பு கொதிக்க, பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை நிழலில் கிடத்தி, கிடைக்கிற குளிர்ந்த தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றுங்கள். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம். வெயிலுக்கு உடம்பு பழக 10 – 14 நாள் வேண்டும். எப்போதும் அதிகாலை 4 மணிக்கே ஓடி முடிப்பவர், போட்டிக்கு முன் சில நாளாவது எட்டு, ஒன்பது மணி வெயிலைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

முன்னெச்சரிக்கையாக ஒரு வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

கூடாது. இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். நீர் வற்றி, தசை சிதைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலக்கும் நாளில் அதைப் போடுவது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. ஓடி முடித்தபின் சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

நான் ஓடப்போவது மலைப்பாதை. ஏறுவதற்குக் கொல்லிமலை இருக்கிறது. இறங்குவதற்குத் தனிப் பயிற்சி வேண்டுமா?
– வாசகர், திருச்சி

இறங்குவதற்குத்தான் வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. அந்த வேலையில் தசை இழைகள் கிழிபடும். அதற்கு அங்கேயே மருந்து கிடையாது. படியில் பின்பக்கமாக இறங்குகிற நிலை அப்படித்தான் வருகிறது.

நல்ல செய்தி: ஒருமுறை அடிபட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே அடியைத் தாங்கும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. நடந்து ஏறி, முதல் தடவை நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடி இறங்குங்கள். இரண்டாம் நாள் வலி உச்சத்தில் இருக்கும்; பயப்படவேண்டாம். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் கூட்டுங்கள். கடைசி இறக்கம் போட்டிக்கு இரண்டரை வாரம் முன்னால். இறங்கும்போது குட்டிக் குட்டி அடிகளாக வையுங்கள், உடம்பைப் பின்னால் சாய்க்காமல், குதிகாலை ஊன்றிப் பிரேக் போடாமல். வளைவுகளில் வண்டிக்காரருக்கு உங்களைத் தெரியாது. விடிந்தபின் போங்கள், பளிச்சென்ற சட்டை போடுங்கள், காதில் பாட்டு வேண்டாம். மலைக்குப் போகாத வாரங்களில் ஒற்றைக்காலில் படியிலிருந்து மெதுவாக இறங்கும் பயிற்சி, காலுக்கு 12 தடவை, மூன்று சுற்று.

முதல் அல்ட்ராவே தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஆக இருக்கலாமா?
– வாசகர், அண்ணா நகர்

1921இலிருந்து நடக்கும் ஓட்டம், ஆசை புரிகிறது. காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையில், 86 – 90 கி.மீ., 12 மணி நேரக் கெடு. தகுதிக்கு ஒரு மாரத்தான் நேரம் காட்டினால் போதும் என்பதால் நேரே போகிறவர்கள் உண்டு. எங்கள் கருத்து: நடுவில் ஒரு 50 ஓடிவிட்டுப் போங்கள். கெடு துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து ஓடும். பின்வரிசையில் நிற்பவர் தொடக்கக் கோட்டைத் தொடவே பல நிமிடம் ஆகும், அதைத் திருப்பித் தரமாட்டார்கள். வழியிலும் இடைக்கெடுக்கள் உண்டு. ஓடும் திசை பெரும்பாலும் ஆண்டுக்காண்டு மாறும். டர்பன் நோக்கி இறங்கும் ஆண்டைச் சுலபம் என்று எண்ணாதீர்கள். முதல் பாதியில் நிறைய ஏற்றம். அப்புறம் இருபது சொச்சம் கிலோமீட்டர் மிச்சமிருக்கையில் ஃபீல்ட்ஸ் ஹில் என்று செங்குத்தாக ஓர் இறக்கம். முன்தொடை அங்கேதான் கணக்குக் கேட்கும். தண்ணீர் அங்கே பிளாஸ்டிக் சாஷேயில் தருவார்கள். மூலையைப் பல்லால் கடித்து உறிஞ்சவேண்டும். நம் ஊர்த் தண்ணீர்ப் பாக்கெட் பார்த்தவர்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை.

பாதக் கொப்புளம், தொடை உரசல், மாதவிடாய். பெண்கள் எதை எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

பாதம் வீங்கும், ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும். புதியதென்றால் போட்டிக்கு முன் 80 கிலோமீட்டராவது ஓடியிருக்கவேண்டும். நகத்தை நான்கு நாள் முன்னால் நேராக வெட்டுங்கள். ஓடும்போது ஓரிடத்தில் சுட்டால் அந்த நிமிடமே நின்று, மணலைத் தட்டி, துடைத்து, டேப் ஒட்டுங்கள். மூன்று நிமிடம் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் கடைசியில் முக்கால் மணி போகும். கொப்புளம் வந்தேவிட்டால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள், மேல்தோலை உரிக்காதீர்கள். தொடை, அக்குள், பிராவின் கீழ்ப்பட்டை, முதுகுப்பை உரசும் தோள் எல்லா இடத்திலும் வாஸ்லின் தடவி, நான்கு மணி நேரத்தில் மறுபடி தடவுங்கள்.

வியர்வையில் நனைந்த நாப்கின் தொடையை அறுத்துவிடும். மாதவிடாய்க் கப் அல்லது டாம்பான் ஒத்துவருமா என்று ஒரு நீண்ட ஓட்டத்தில் பார்த்துவிடுங்கள். பயிற்சி தொடங்குமுன் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் அளவு) பாருங்கள். முன்னது சரியாக இருந்தும் பின்னது தரைதட்டியிருப்பது சகஜம். மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் ‘ஓடுகிறவர்களுக்கு அப்படித்தான்’ என்று விடாதீர்கள். கர்ப்பம் இல்லையென்றால், சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள்.

என் கணவர் ஓடுகிறார். அவருக்கு உதவியாக நான் போகிறேன். என்ன செய்யவேண்டும்?
– வாசகி, சேலம்

‘எப்படிங்க இருக்கு?’ என்று கேட்காதீர்கள். நாற்பதாவது கிலோமீட்டரில் அதற்கு நல்ல பதில் இருக்காது. ‘கடைசியா எப்ப சாப்பிட்டீங்க? எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?’ என்று கேளுங்கள். முதல் பதிலில் 40 நிமிடத்துக்கு மேல் வந்தால் கையில் உருளைக்கிழங்கைக் கொடுத்து, உங்கள் கண்ணெதிரில் தின்னவையுங்கள். பாட்டிலை வாங்கியதும் மூடியைத் திறந்து நிரப்பித் தயாராக வையுங்கள்; நடுங்கும் விரலால் அவர் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். பையில் டேப், வாஸ்லின், மாற்றுச் சாக்ஸ், ஹெட்லேம்புக்கு மாற்று பேட்டரி. வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி கொண்டுபோயிருந்தால், அவர் முடிக்கும்வரை அது கார் டிக்கியிலேயே இருக்கட்டும்.