பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தால் ஊர்க்காரர்களின் பிழைப்புக்கு ஏதாவது பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறார். பக்கத்திலேயே பல்கலைக்கழகம். அங்கே பட்டம் வாங்குகிறவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள், ஊரில் இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறார். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பல்கலைக்கழகத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். நான் அங்கே படிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் அம்மாதான் படித்தார்.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம். மானாவாரி நிலம். மழை பெய்தால் சாமை, ராகி, துவரை, நிலக்கடலை. பெய்யாவிட்டால் பெங்களூரில் கட்டட வேலை, இல்லையென்றால் திருப்பூரில் பனியன் கம்பெனி. அப்பா பத்து வருடம் பெங்களூரில் சென்ட்ரிங் அடித்தவர். பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் மட்டும்தான் அவர் முகத்தைப் பார்ப்போம். அதனால் திறன் பயிற்சி, தொழில் பயிற்சி என்று யார் பேசினாலும் எனக்கு முதலில் தோன்றுகிற கேள்வி ஒன்றுதான்: ஊரை விட்டுப் போகாமல் செய்யக்கூடிய வேலையா அது?

இந்தப் பல்கலைக்கழகம் கோயம்புத்தூரில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். 1868இல் சைதாப்பேட்டையில் ஒரு வேளாண் பள்ளியாக முளைத்து, கோவைக்குப் போய்க் கல்லூரியாகி, 1971இல் பல்கலைக்கழகமானது. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அது கோவையில் இல்லை. பாப்பாரப்பட்டியில் இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில். சுப்பிரமணிய சிவா தன் கடைசி நாட்களைக் கழித்து 1925இல் கண்மூடிய ஊர் அது, பள்ளியில் இருந்தபோது அவருடைய நினைவிடத்துக்கு எங்களைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அதே ஊரில்தான் எங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது, விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுக்க இந்தப் பல்கலைக்கழகம் நடத்துகிற இடம்.

இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. அதை நடத்தும் பொறுப்பு இந்தப் பல்கலைக்கழகத்திடம்தான் வந்தது. இன்று நாடு முழுக்க 700க்கு மேல் இருக்கின்றன. தமிழ்நாட்டில் வம்பன், நீடாமங்கலம், சிக்கல், விரிஞ்சிபுரம் என்று பல ஊர்களில் இந்தப் பல்கலைக்கழகமே நடத்துகிறது. பணம் டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து வருகிறது. ஆட்களும் அறிவும் பல்கலைக்கழகத்தினுடையவை. ஒரு புது ரகம் வந்தால் விவசாயியின் நிலத்திலேயே விதைத்துப் பார்ப்பார்கள், அவர் கண் முன்னாலேயே விளைச்சலை அளப்பார்கள். வருடத்துக்கு என்ன வேலை செய்வது என்று முடிவெடுக்கும் ஆலோசனைக் குழுவில் விவசாயிகளுக்கும் இடம் உண்டு.

சரி, இதில் ஊர் எங்கே வருகிறது? தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் தொடங்கியதே எங்கள் மாவட்டத்தில்தான், 1989இல். அம்மா சேர்ந்த குழு அதற்கெல்லாம் வெகு பின்னால் வந்தது. ஆனால் அந்தப் பழக்கம் எங்கள் ஊர்ப் பெண்களிடம் ஊறிப்போயிருந்தது. வாரம் ஒருமுறை கூடுவார்கள், சேமிப்பு நோட்டு எழுதுவார்கள், யார் கடனை ஒழுங்காகக் கட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வேளாண் நிலையத்து ஆட்கள் பயிற்சிக்கு ஆள் தேடி வீடு வீடாக அலையவில்லை. நேராகக் குழுவிடம் வந்தார்கள். காளான் வளர்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் எங்கள் தெருவில் யாரிடம் பொறுமை இருக்கிறது, யார் வீட்டில் நிழலான கொட்டகை இருக்கிறது, யாருக்கு வங்கி கடன் கொடுக்கும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? குழுத் தலைவி அக்கா ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

அப்படித்தான் அம்மா பயிற்சிக்குப் போனார். முதலில் சிப்பிக் காளான். வைக்கோலைச் சின்னதாக நறுக்கி ஊறவைத்து, வெந்நீரில் வேகவைத்து, நீரை வடித்து, பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு காளான் விதை என்று மாற்றி மாற்றி அடைக்க வேண்டும். எல்லாம் வடித்த வைக்கோலின் ஈரப்பதத்தில்தான் இருக்கிறது. அதற்கு அவர்கள் மீட்டர் எதுவும் காட்டவில்லை. "ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சு பாருங்கம்மா, தண்ணி சொட்டக் கூடாது, ஆனா உள்ளங்கை ஈரமாகணும்" என்று சொல்லி ஒவ்வொருவரையும் பிழிய வைத்தார்களாம். அம்மா இன்றைக்கும் புதிதாக வரும் பெண்களுக்கு அதே வார்த்தைகளில்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

முதல் முறை மொத்தமும் போயிற்று. அப்படி அடைத்த பையைத்தான் படுக்கை என்போம், முப்பது படுக்கை தொங்கவிட்டிருந்தோம். பத்தாவது நாள் வெள்ளையாகப் படர வேண்டிய இடத்தில் பச்சைப் பூசணம். அம்மா அழவில்லை. கொட்டகை வாசலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். குழுவில் வாங்கிய கடன் அது. விதையை ஒரு தனியார் வியாபாரியிடம் வாங்கியிருந்தோம். பழைய விதையைத் தலையில் கட்டிவிட்டார் என்று எனக்குக் கோபம். அம்மா மறுநாளே ஒரு படுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டு பாப்பாரப்பட்டி பஸ் ஏறினார்.

என் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான். அங்கிருந்த மேடம் பையைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். விதை பழசாக இருந்திருக்கலாம், ஆனால் வைக்கோலும் மழையில் நனைந்தது என்றார். நாங்கள் யாருமே அதை யோசிக்கவில்லை. அறுவடைக்குப் பிறகு மழையில் நனைந்து மறுபடி காய்ந்த வைக்கோலை விலை குறைவு என்று வாங்கியிருந்தோம். இரண்டு வாரம் கழித்து அவரே கொட்டகைக்கு வந்தார், எங்கள் அடுப்பில் வைக்கோல் வேகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர் வெயிலைப் பார்த்துவிட்டு, கோடையில் சிப்பிக் காளானோடு மல்லுக்கட்டாதீர்கள், பால் காளானுக்கு மாறுங்கள் என்றார். சிப்பிக் காளானுக்கு 25 டிகிரி வாக்கில் குளிர்ச்சி வேண்டும். பால் காளான் 30 முதல் 35 டிகிரியிலும் நன்றாக வரும். வணிக அளவில் அதை வளர்க்கும் முறையை உருவாக்கி, 1990களின் கடைசியில் ஏபிகே 2 என்ற ரகமாகக் கொடுத்ததே இந்தப் பல்கலைக்கழகம்தான். ஏபிகே என்பது அருப்புக்கோட்டை. அதுவும் எங்களைப் போலவே காய்கிற பூமி.

பால் காளானில் வேலை கூடுதல். விதை முழுக்கப் படர்ந்ததும் படுக்கையைக் குறுக்கே வெட்டி, வேகவைத்து ஆறிய மண்ணை மேலே பரப்பி, அந்த மண் காயாமல் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பறித்த பிறகு சிப்பியைப் போலச் சீக்கிரம் வாடாது. பென்னாகரம், தருமபுரி கடைகளுக்குப் பஸ்ஸில் அனுப்புகிற எங்களுக்கு அது பெரிய விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயிற்சியில் நெல் வைக்கோல் என்றார்கள். எங்கள் பக்கம் நெல் குறைவு, வைக்கோல் காசு கொடுத்து வாங்க வேண்டும். ராகித் தாளில் வளர்க்கலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். வளரும், முயன்று பாருங்கள் என்றார்கள். "காளானுக்குப் போட்டுட்டா மாடு எதைத் தின்னும்?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வியை மேடம் நோட்டில் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதன் பிறகு எங்கள் ஊரில் நடந்த பயிற்சிகளில் காளான் கணக்கையும் மாட்டுத் தீவனக் கணக்கையும் சேர்த்தே போட்டார்கள்.

காளான் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். சாமையை இடித்து அரிசியாக்குவது, ராகி மாவில் பண்டம் செய்து பாக்கெட் போடுவது என்று எங்கள் பக்கம் சிறுதானிய வேலையும் நடக்கிறது. திருவண்ணாமலை அத்தியந்தலில் இதே பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம் இருக்கிறது, ஏடிஎல் 1 என்ற சாமை ரகம் அங்கிருந்து வந்ததுதான். இளநிலை வேளாண்மை கடைசி வருட மாணவர்கள் கிராமங்களில் தங்கி வேலை பழக வேண்டும். வேறு வகைப் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் இருக்கிறது, 1956இல் கிராமிய நிறுவனமாகத் தொடங்கியது. மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்புவது அங்கே பாடத்திலேயே உண்டு.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. வேறு சில இடங்கள் நடத்திய பயிற்சிகளுக்கும் அம்மா போயிருக்கிறார். காலையில் பேனர், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் சான்றிதழோடு போட்டோ, அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பீரோவில் அப்படி நான்கைந்து சான்றிதழ்கள் கிடக்கின்றன. நேரமும் ஒரு சிக்கல். காலை பத்து மணி முதல் ஐந்து மணி வரை என்றால் பால் கறந்து ஊற்றுகிற பெண்ணும், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்ணும் எப்படி வருவார்கள்? ஒரு நாள் கூலி போகிறது. அதைப் புரிந்துகொண்டு ஊருக்கே வந்து, மத்தியான நேரத்தில் நடத்திய பயிற்சிகளில்தான் எங்கள் தெருப் பெண்கள் கடைசி வரை உட்கார்ந்தார்கள். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று கணக்கு எழுதுகிறவர்கள், ஒரு வருடம் கழித்து எத்தனை கொட்டகையில் படுக்கை தொங்குகிறது என்றும் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

அப்பா இப்போது பெங்களூர் போவதில்லை. காளான் வருமானம் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், இரண்டு மாடும் இருக்கிறது, நானும் சம்பாதிக்கிறேன். ஆனால் வைக்கோல் நறுக்குவதும், விடிவதற்கு முன் பறித்து எடை போடுவதும் அவர் வேலை.

கேட்டவருக்கு ஒரு யோசனை. உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறைக்கோ பயிற்சி இல்லாத ஒரு சாதாரண நாளில் போங்கள். தனியாகப் போகாமல் குழுவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிப் போங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: விதையோ நாற்றோ நீங்களே கொடுப்பீர்களா, கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது, எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறவர் யார்? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் சொல்கிற ஆளின் வீட்டை முதலில் போய்ப் பாருங்கள். பயிற்சிக்குப் பெயர் கொடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.