பத்து ஆண்டுக்குப் பிறகு எங்கே? விற்பனை எண்ணைத் தவிர வேறு பதில் வராதவர்களுக்கு

கேள்வி: மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்துப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றை நண்பருடன் சேர்ந்து 12 ஆண்டுகளாக நடத்துகிறேன். வயது 46. மொத்தம் 60 பேர் வேலை பார்க்கிறார்கள். ஆலோசகர் ஒருவரை வைத்துத் தொலைநோக்கு அறிக்கை தயாரித்து வரவேற்பறையில் மாட்டியிருக்கிறோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே சட்டென்று சொல்ல வராது. பத்து ஆண்டுக்குப் பிறகு எங்கே இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், விற்பனை மூன்று மடங்காக வேண்டும் என்கிறேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. என் வாழ்க்கைக்கும் தொழிலுக்குமான நீண்டகால இலக்கை எப்படித் தெளிவாக்கிக்கொள்வது?

பதில்: விற்பனை மூன்று மடங்காக வேண்டும் என்று நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் அது நிறுவனத்தைப் பற்றிய பதில், உங்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மூன்று மடங்கு வளர்ந்த அந்த நிறுவனத்தில் நீங்கள் என்ன வேலை பார்த்துக்கொண்டிருப்பீர்கள்? இப்போது செய்வதையே மூன்று மடங்கு செய்வீர்களா? நிறுவனத் தலைவர்கள் பலர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். சொந்த விருப்பத்தையும் நிறுவனம் போக வேண்டிய திசையையும் ஒரே வாக்கியத்தில் அடக்கப் பார்ப்பார்கள், இரண்டுமே மங்கிப்போகும்.

அதனால் இரண்டு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தத் தாளை முதலில் எழுதுங்கள். நிறுவனத்தின் தாளை முதலில் எழுதிவிட்டால், அது போக மிச்சமிருக்கும் நேரம்தான் உங்கள் வாழ்க்கை என்று ஆகிவிடும்.

எழுத உட்காருவதற்கு முன் ஒரு சின்ன வேலை. கைபேசியில் கடந்த நான்கு வார நாள்காட்டியைத் திறந்து, ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் இரண்டு விஷயம் குறியுங்கள். இதை வேறொருவர் செய்திருக்க முடியுமா? இதை நான் விரும்பிச் செய்தேனா? வங்கிச் சந்திப்பு, சம்பள உயர்வுப் பேச்சு, ஒப்பந்தப் புதுப்பிப்பு என்று வரிசையாகப் போகும்போது, எங்கோ ஒரு மதியம் நீங்களே மருத்துவமனைக்குப் போய் அடம்பிடிக்கும் கருவி ஒன்றைத் திறந்து பார்த்தது அதில் இருக்கும். உங்கள் தொழில்நுட்பர்கள் யாரும் அதைச் செய்திருக்கலாம். ஆனாலும் நீங்கள் போனீர்கள், போனது பிடித்தும் இருந்தது. பிறரும் செய்யக்கூடிய, ஆனால் நீங்கள் விட மனமில்லாத இந்த மாதிரி பதிவுகளைத் தனியாக எழுதி வையுங்கள். உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதைக் காட்டுவது அவைதான். பொறுப்பைக் கைமாற்ற விடாமல் உங்களைப் பிடித்து வைத்திருப்பதும் பெரும்பாலும் அவையே.

அப்புறம் சொந்தத் தாள். உங்கள் 56-வது வயதில் வரும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைக் காலை முதல் இரவு வரை எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், யாரோடு பேசுகிறீர்கள், யாருடைய முடிவுக்காகக் காத்திருக்கிறீர்கள், எந்த அழைப்பை எடுக்காமல் விடுகிறீர்கள், எல்லாம் வர வேண்டும். செவ்வாய் என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எதிர்காலத்தை எழுதச் சொன்னால் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையை எழுதிவிடுவார்கள்: பயணம், ஓய்வு, பேரப்பிள்ளைகள். அது சுகமாக இருக்கும், முடிவெடுக்க உதவாது. வேலை நாளை எழுதினால்தான் உங்கள் நாற்காலி எது என்று தெரியும்.

நாற்காலி மாறுவதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். பில் கேட்ஸ் 2000-ம் ஆண்டு ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி பதவியை ஸ்டீவ் பால்மரிடம் கொடுத்துவிட்டு, தலைமை மென்பொருள் வடிவமைப்பாளர் என்ற பொறுப்புக்குப் போனார். ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், நிர்வாகியாகாமல் பொறியாளராகவே இருக்கலாம் என்று தெளிவான பிறகுதான் பழைய வேலையை விட்டு முழுநேரமாக வந்தார். தான் தொடங்கிய நிறுவனம் என்றால் அதன் உச்சிப் பதவியில்தான் இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி கொஞ்சம் சங்கடமானது. உங்களுக்கு நிறுவனத்தின் மேல் கட்டுப்பாடு வேண்டுமா, பணம் வேண்டுமா? இரண்டும்தான் என்பீர்கள். ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் இருந்த நோம் வாசர்மன் 212 அமெரிக்கப் புதுநிறுவனங்களை ஆராய்ந்து 2008-ல் எழுதியது இங்கே பொருந்தும். நிறுவனத்துக்கு மூன்று வயதாகும்போதே நிறுவனர்களில் பாதிப் பேர் தலைமைச் செயல் அதிகாரியாக இல்லை. வேகமாக வளர வெளி முதலீடு வேண்டும், முதலீடு வந்தால் பிடி தளரும் என்பதே அதன் சாரம். உங்களுடையது புதுநிறுவனம் இல்லை என்றாலும் கணக்கு மாறாது. விற்பனையை மூன்று மடங்காக்க வெளிப் பணம் தேவைப்படும் என்றால், எந்த முடிவை இன்னொருவர் எடுத்தால் உங்களால் தாங்க முடியாது என்பதைச் சொந்தத் தாளில் இப்போதே எழுதிவிடுங்கள். முதலீட்டாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அதை யோசிக்க அவகாசம் இருக்காது.

இனி நிறுவனத்தின் தாள். வரவேற்பறை அறிக்கையைக் கழற்றிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை, ஆனாலும் "தரமான சேவை வழங்கும் முன்னணி நிறுவனமாகத் திகழ்வோம்" என்கிற வகையில் ஒரு வரி அதில் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். உங்கள் பெயரை அடித்துவிட்டுப் போட்டியாளர் பெயரை எழுதுங்கள். அப்போதும் பொருந்தினால், அந்த வரி எதையும் சொல்லவில்லை. இப்படி ஒரு வரியை வைத்துப் பாருங்கள்: "சிறிய மருத்துவமனையில் நின்றுபோன வென்டிலேட்டரை அன்றைக்கே ஓட வைப்போம், அதற்குத் தேவையான ஆட்களைப் பெரிய ஒப்பந்தத்துக்காகக்கூட வேறு பக்கம் திருப்ப மாட்டோம்." உங்களுக்கு இந்தத் திசை சரிவராமல் போகலாம், பெரிய மருத்துவமனைகளே உங்கள் பாதையாக இருக்கலாம். நான் காட்ட வந்தது அந்த இரண்டாம் பாதியைத்தான். எதை விட்டுக்கொடுப்போம் என்று அதில் இருக்கிறது. நாளைக்கு ஒரு பெரிய ஒப்பந்தம் வந்தால், உங்கள் மேலாளர் உங்களைக் கேட்காமலே பதில் சொல்லிவிடுவார். எதையும் மறுக்கச் சொல்லாத தொலைநோக்கு யாருக்கும் நினைவில் நிற்காது, எழுதியவருக்கும்தான்.

இலக்கும் நோக்கமும் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணினி என்பது மைக்ரோசாஃப்டின் பழைய இலக்கு. வளர்ந்த நாடுகளில் அது ஏறக்குறைய நிறைவேறியே விட்டது. 2014-ல் தலைமைக்கு வந்த சத்யா நாதெல்லா, அடுத்த ஆண்டு ஒரு புதிய நோக்கத்தை வைத்தார்: உலகில் ஒவ்வொரு மனிதரும் ஒவ்வொரு நிறுவனமும் மேலும் சாதிக்க ஆற்றல் தருவது. முதலாவது ஒருநாள் முடிந்துபோகும், இரண்டாவது முடியாது. முடிந்துபோகும் இலக்குதான் ஆட்களை ஓட வைக்கும் என்பதால் அதுவும் வேண்டும். விற்பனை மூன்று மடங்கு என்பதை அந்த இடத்தில் வையுங்கள், நோக்கத்தின் இடத்தில் வைக்காதீர்கள்.

கால அளவில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். பத்து ஆண்டுக்குத் திசை, மூன்று ஆண்டுக்கு எண்கள், இந்தக் காலாண்டுக்கு வேலைகள், அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் படியுங்கள். எண்களைத் தாராளமாகத் திருத்தலாம். திசையைத் திருத்துவதாக இருந்தால் மட்டும், என்ன மாறியதால் திருத்துகிறேன் என்று கீழே ஒரு வரி எழுதி வையுங்கள்.

இரண்டு தாளும் தயாரானதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். செவ்வாய்க்கிழமைத் தாளில் மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறீர்கள். நிறுவனத் தாளிலோ, எந்த நேரம் கருவி நின்றாலும் அன்றைக்கே சரியாக வேண்டும். அந்த நேரத்தில் பொறுப்பெடுத்து முடிவு சொல்பவர் யார்? அவர் பெயர் இன்றைக்கு உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்தக் காலாண்டின் முதல் வேலை அவரைத் தேடுவது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் நண்பரின் தாள் எங்கே? பங்குதாரர் இருக்கும் தொழிலில் ஒருவருடைய தெளிவு பாதி வேலைதான். அவரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள், இருவரும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். உங்களுடையதைப் படித்துவிட்டு அவர் எழுதினால் அது பதில் கடிதமாகிவிடும். அவருடைய தாளில் ஐந்தாம் ஆண்டிலேயே பங்கை விற்றுவிட்டு வெளியேறுவதாக இருந்தால் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் பங்கை யாருக்கு விற்கலாம், மதிப்பை யார் கணக்கிடுவது, பணம் எத்தனை தவணையில் என்பதையெல்லாம் உறவு நன்றாக இருக்கும் இப்போதே ஒரு வழக்கறிஞரை வைத்து ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளலாம். ஊழியர்களிடம் நிறுவனத் தாளைக் கொண்டுபோவது அதற்குப் பிறகு. சொந்தத் தாளை அவர்களுக்குக் காட்ட வேண்டியதில்லை, வீட்டில் காட்டினால் போதும்.