சிறிய எஸ்யூவி வாங்கும்போது பெட்ரோல், மின்சாரம் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

தினமும் முப்பது நாற்பது கிலோமீட்டர் நகருக்குள் ஓட்டம், ஆண்டில் சில தடவை குடும்பத்தோடு நெடுந்தூரப் பயணம், குறைந்தது எட்டு ஆண்டுகளுக்கு அதே வண்டி என்ற நிலையில் பெட்ரோலா மின்சாரமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விவரத்தைப் பொறுத்தது: இரவில் வண்டி நிற்கும் இடத்தில், உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா? முடியும் என்றால் மின்சார வண்டியை வாங்குங்கள். முடியாது என்றால், எனக்கு மின்சார வண்டியின் மேல் எவ்வளவு பற்று இருந்தாலும், பெட்ரோல் வண்டியையே, அதிலும் கிடைத்தால் பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் வகையையே வாங்கச் சொல்வேன். எங்கள் குடும்பத்தில் இரண்டு வகை வண்டிகளும் ஓடுகின்றன. இரண்டையும் மாறி மாறி ஓட்டிய அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

செலவுக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். இந்த அளவுள்ள பெட்ரோல் எஸ்யூவி ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 15 கி.மீ. ஓடும். அதே அளவுள்ள மின்சார வண்டி, சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்துக்கொண்டால், மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 6 கி.மீ. ஓடும். ஆகவே நீங்கள் வாழும் இடத்தில் ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையை ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையால் வகுத்துப் பாருங்கள். விடை 2.5 என்றால் இரண்டுக்கும் ஓட்டச் செலவு ஒன்றுதான். அதற்கு மேலே போகப்போக மின்சார வண்டி மலிவாகும். வீட்டுக் கட்டணத்தை வைத்து வகுத்தால் பெரும்பாலான இடங்களில் விடை 2.5-ஐத் தாண்டியே இருக்கும். ஆனால் பொது இடங்களிலுள்ள வேக சார்ஜர்களில் ஒரு யூனிட்டுக்கு வீட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வாங்குவது வழக்கம் என்பதால், அந்தக் கட்டணத்தை வைத்து வகுக்கும்போது மின்சார வண்டியின் ஆதாயம் பெருமளவு கரைந்துவிடும். வாங்கும் விலையில் கூடுதலாகக் கொடுத்த தொகையை எரிபொருள் மிச்சத்தில் மீட்க நினைப்பவர், அந்த மிச்சத்தின் பெரும்பகுதி வீட்டுச் சார்ஜரிலிருந்துதான் வருகிறது என்பதை மறக்கக் கூடாது.

வீட்டில் சார்ஜ் செய்ய விலை உயர்ந்த கருவி வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். உங்கள் தேவைக்கு அது கட்டாயமில்லை. ஏறத்தாழ 3 கிலோவாட் தரக்கூடிய சாதாரண பவர் பிளக் பாயிண்டில் ஒன்பது மணி நேரம் செருகி வைத்தால் 27 யூனிட் கிடைக்கும். அது 150 கி.மீ.க்கு மேல் ஓடப் போதுமானது. நீங்கள் ஒரு நாளில் செலவிடுவதோ ஆறு ஏழு யூனிட்தான். எனினும் பல மணி நேரம் தொடர்ந்து அவ்வளவு மின்சாரம் பாய்வதால், பழைய ஒயரிங்கும் தளர்ந்த பிளக்கும் சூடாகும். ஆகவே மின்பலகையிலிருந்து தனி ஒயர், தனி பிரேக்கர், முறையான எர்த் ஆகியவற்றோடு அந்த பாயிண்டை ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கொண்டு அமைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவராக இருந்தால், வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பிளக் பாயிண்ட் கிடைக்கும் என்றால் உங்கள் ஓட்டத்துக்கு ஏன் மின்சாரமே பொருத்தம் என்பதற்குச் செலவைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு: இரண்டு வண்டிகளின் இயல்பும் நேரெதிரானது. பெட்ரோல் என்ஜின் சீரான வேகத்தில், நன்கு சூடேறிய நிலையில்தான் சிறப்பாக வேலை செய்யும். நெரிசலில் நின்று நின்று ஓடும்போது அது எரிக்கும் எரிபொருளில் கால் பங்குகூடச் சக்கரத்தைச் சென்றடைவதில்லை. மின்மோட்டாருக்கு நெரிசல் பெரிய பாரமல்ல. நிற்கும்போது அது எதையும் எரிப்பதில்லை, வேகம் குறையும்போது ஜெனரேட்டராக மாறி ஆற்றலில் ஒரு பகுதியை பேட்டரிக்கே திருப்பித் தருகிறது. பிரேக் பேடுகள் நீண்ட காலம் உழைப்பதும் அதனால்தான்.

குறுகிய ஓட்டம் பெட்ரோல் என்ஜினுக்கு உடல்நலக் கேடு என்பதை விற்பனைப் பிரதிநிதிகள் அதிகம் பேசுவதில்லை. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது உள்ளே செல்லும் பெட்ரோலில் சிறு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே என்ஜின் ஆயிலில் இறங்குகிறது. ஈரமும் அதோடு சேர்கிறது. நீண்ட தூரம் ஓடி ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகிவிடும். தினமும் ஐந்தாறு கிலோமீட்டரில் வண்டியை அணைத்துவிட்டால் அவை ஆயிலிலேயே தங்கி, அதன் வழுவழுப்பைக் கெடுக்கும். இன்றைய சிறிய எஸ்யூவிகளில் பரவலாக உள்ள மூன்று சிலிண்டர் டர்போ என்ஜின்களில் இது இன்னும் முக்கியமானது, ஏனெனில் அவற்றில் சில வகைகளில், என்ஜின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடுகிறது. பெட்ரோல் கலந்த ஆயில் அந்த பெல்ட்டின் ரப்பரைச் சிதைத்துவிடும். பெட்ரோல் வண்டியை வாங்கினால், அதில் டைமிங் செயினா, பெல்ட்டா, ஆயிலில் நனையும் பெல்ட்டா என்று கட்டாயம் கேளுங்கள். குறுகிய ஓட்டம் என்றால், கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கு என்று குறித்திருக்கும் கால அளவில் ஆயிலை மாற்றுங்கள்.

நெடுஞ்சாலையில் நிலைமை தலைகீழாகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 90 கி.மீ. வேகத்தோடு ஒப்பிட்டால் 120 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. பெட்டி போன்ற எஸ்யூவி உடலுக்கு இது கூடுதல் பாரம். பெட்ரோல் வண்டிக்கும் இதே எதிர்ப்புதான் என்றாலும், நகரத்தில் அது வீணாக்கியது நெடுஞ்சாலையில் குறைவதால் மைலேஜ் கூடியதுபோலத் தெரிகிறது. மின்சார வண்டியிலோ முழு இழப்பும் திரையில் அப்படியே தெரியும். நிறுவனம் அறிவிக்கும் தூரத்தை அடைய முடியாததன் காரணமும் இதுதான்: அந்தத் தூரத்தை அளக்க 2017-இல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த டபிள்யூஎல்டிபி சோதனையில்கூடச் சராசரி வேகம் மணிக்கு 46 கி.மீ. அளவில்தான் இருக்கிறது.

45 யூனிட் பேட்டரியுள்ள ஒரு வண்டி, நெடுஞ்சாலை வேகத்தில் யூனிட்டுக்கு 5 கி.மீ. ஓடுவதாக வைத்துக்கொள்வோம். முழுச் சார்ஜில் கிளம்பி 10 சதவீதம் மிஞ்சும்வரை ஏறத்தாழ 200 கி.மீ. போகலாம். அதற்குப் பிறகு 80 சதவீதம்வரை மட்டுமே வேக சார்ஜரில் நிரப்புவது வழக்கம், ஏனெனில் அதற்கு மேல் பேட்டரி தன்னைக் காத்துக்கொள்ள சார்ஜ் ஆகும் வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடும். எனவே இரண்டாவது கட்டத்திலிருந்து ஒவ்வொரு 150 கி.மீ.க்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை நிற்க வேண்டியிருக்கும். ஆண்டில் சில பயணங்களுக்கு இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வாரந்தோறும் 400 கி.மீ. போகிறவருக்கு நான் இந்த அளவு பேட்டரியைப் பரிந்துரைக்க மாட்டேன். கடுங்குளிர் நாட்டில் இருப்பவர்கள் இந்தத் தூரத்தில் மேலும் கால் பங்கையாவது கழித்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரியின் ஆயுள் பற்றிய அச்சம் இயல்பானது. பெரும்பாலான நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.வரை, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்காது என்று உத்தரவாதம் தருகின்றன. நீங்கள் வைத்திருக்க நினைக்கும் காலத்துக்கு அது போதும். எல்எஃப்பி எனப்படும் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி எடை கூடுதலானது என்றாலும் அதிக முறை சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் தாங்கும், அதை அடிக்கடி 100 சதவீதம்வரை நிரப்பலாம். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை எடை குறைந்தது. அதை அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. வெப்பம் மிகுந்த இடத்தில் இருந்தால் திரவத்தால் குளிர்விக்கப்படும் பேட்டரியையே கேளுங்கள். 2010-இல் வந்த முதல் நிசான் லீஃப் காரில் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் அரிசோனா போன்ற வெப்பப் பகுதிகளில் அதன் கொள்ளளவு எதிர்பார்த்ததைவிட விரைவாகக் குறைந்தது.

மறுவிற்பனையில் மின்சார வண்டி பொதுவாக வேகமாக மதிப்பிழக்கிறது. எட்டு ஆண்டு ஓட்டப் போகும் உங்களுக்கு அது பெரிய பொருட்டல்ல.

சுற்றுச்சூழலைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும், 100 கி.மீ.க்கு அது 15 கிலோவைத் தாண்டும். முழுக்க நிலக்கரியில் உண்டாக்கிய மின்சாரத்தால் சார்ஜ் செய்தால் மின்சார வண்டியின் கணக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். பேட்டரி தயாரிப்பில் வெளியாவதையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் சூரிய ஒளி, காற்று, நீர் ஆகியவற்றின் பங்கு மின்கட்டமைப்பில் கூடக்கூட அதே மின்சார வண்டி ஆண்டுக்கு ஆண்டு தூய்மையாகும், பெட்ரோல் வண்டியின் கணக்கோ மாறாது. தவிர, நம் தெருவில் விளையாடும் குழந்தைகளின் முகத்துக்கு நேரே புகையை விடாத வண்டி என்பது எனக்கு மிகவும் முக்கியமானது.

வீட்டில் பிளக் பாயிண்ட் கிடைக்காதவர்களுக்கு ஹைப்ரிட்டைச் சொன்னதற்குக் காரணம், பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் ஆற்றலை அதுவும் சேமித்துக்கொள்வதுதான். டொயோட்டா யாரிஸ் கிராஸ் போன்ற சிறிய ஹைப்ரிட் எஸ்யூவிகள் லிட்டருக்கு 20 கி.மீ.க்கு மேல் ஓடுகின்றன.

முடிவெடுத்த பிறகு, சோதனை ஓட்டத்தின்போது பின்னிருக்கையில் கால் மணி நேரமாவது அமர்ந்து பாருங்கள். ஹியூண்டாய் கோனா, பியூஜோ 2008 (இது மாடலின் பெயர்) போல ஒரே உடலில் பெட்ரோலும் மின்சாரமும் விற்கப்படும் வண்டிகளில், பேட்டரிக்காகத் தரை உயர்ந்திருந்தால், முழங்கால் மேலெழும்பித் தொடைக்குத் தாங்கல் இல்லாமல் போகும். நெடும்பயணத்தில் வீட்டுப் பெரியவர்களுக்கு அது வேதனை தரும். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் கிட் மட்டுமா என்றும் பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் நெடுஞ்சாலையில் உள்ள சார்ஜர்களில் எத்தனை உண்மையில் வேலை செய்கின்றன என்பதை, முன்பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை நேரில் போய்த் தெரிந்துகொள்ளுங்கள்.