வாசகர் கேள்வி–பதில்: சிவப்புத் தொப்பிக்காரர்களின் மருத்துவமனைகள்

கேள்வி: மகளின் பேறுகாலத்துக்காக அமெரிக்கா சென்றிருந்தபோது, ஜூலை 4 ஊர்வலத்தில் வயதான ஆண்கள் சிலர் துருக்கித் தொப்பி அணிந்து, பொம்மைக் கார் போன்ற வண்டிகளில் வட்டமடித்துக்கொண்டு வந்தார்கள். குழந்தைகள் மருத்துவமனை நடத்தும் லாட்ஜ்காரர்கள் என்று மருமகன் சொன்னார். இவர்கள் முஸ்லிம்களா? லாட்ஜுக்கும் மருத்துவமனைக்கும் என்ன தொடர்பு? (மதுரை வாசகி)

பதில்: நீங்கள் பார்த்தவர்கள் ஷ்ரைனர்கள். அவர்களுடைய தொப்பிக்கும் இஸ்லாத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நம் ஊரில் லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே அறை வாடகைக்குக் கொடுக்கும் விடுதிதான் நினைவுக்கு வரும். அங்கே அது, சடங்குகளும் படிநிலைகளும் கொண்ட ஆண்களின் சகோதரத்துவ அமைப்பான ஃப்ரீமேசன் சங்கத்தின் கிளையைக் குறிக்கும். சென்னை எழும்பூர் எதிராஜ் சாலையில் உள்ள ஃப்ரீமேசன் மண்டபத்தைக் கடந்து சென்றவர்கள் அந்தச் சங்கத்தின் பெயரையாவது அறிந்திருப்பார்கள். அதில் மூன்று படிகளைக் கடந்தவர்கள்தான் ஷ்ரைனர் ஆக முடியும்; 2000ஆம் ஆண்டுக்கு முன்பு அதற்கு மேலும் பல படிகள் ஏற வேண்டியிருந்தது.

1870ஆம் ஆண்டு நியூயார்க்கில் நிக்கர்பாக்கர் காட்டேஜ் என்ற உணவகத்தில் மதிய உணவுக்குக் கூடிய மேசன்கள் (ஃப்ரீமேசன் சங்கத்தினர்) சிலர், சங்கத்தில் சடங்கு மிகுந்துவிட்டது, சிரிப்புக்கு இடமே இல்லை என்று பேசிக்கொண்டதிலிருந்து இந்த அமைப்பு பிறந்தது. அவர்களுள் வால்டர் ஃப்ளெமிங் மருத்துவர். வில்லியம் ஃப்ளாரன்ஸ் மேடை நடிகர். பிரான்சின் மார்சேய் நகரில் ஓர் அரபுத் தூதர் அளித்த கேளிக்கை விருந்தைப் பார்த்துவிட்டு வந்த ஃப்ளாரன்ஸ்தான் அரபு வேடம் என்ற யோசனையைக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. 1872ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கிய முதல் கிளைக்கு ‘மெக்கா’ என்றே பெயர் வைத்தார்கள். பிற்காலக் கிளைகளுக்குச் சிரியா, திரிப்போலி, மெதினா என்று பெயர்கள் தொடர்ந்தன. மில்வாக்கி நகரில் 1928ஆம் ஆண்டு கட்டி முடித்த திரிப்போலி கிளையின் கட்டடமோ நம் தாஜ்மகாலைப் பார்த்துக் கட்டியது; அரபு நாடு எது, ஆக்ரா எது என்று அவர்கள் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பிறர் நாட்டையும் பிறர் சமயத்தின் புனிதப் பெயர்களையும் வேடிக்கைப் பொருளாக்கியதை இன்று யாரும் பாராட்ட மாட்டார்கள். ஆனால் கும்மாளத்துக்காகக் கூடிய கூட்டம் எப்படி மருத்துவமனை கட்டப் போயிற்று என்பதைப் புரிந்துகொள்ள, தொடக்கம் இப்படித்தான் இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: மருத்துவமனை எண்ணம் யாருக்கு வந்தது? (சேலம் வாசகர்)

பதில்: எண்ணம் ஒருவருடையது, அதை நிறைவேற்றிக் கொடுத்த பேச்சு இன்னொருவருடையது. பிலடெல்பியாவின் ஃப்ரீலேண்ட் கெண்ட்ரிக், பின்னாளில் அந்நகர மேயரானவர், அட்லாண்டாவில் கை கால் ஊனமுற்ற குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்றைப் பார்த்து மனம் கலங்கினார். அது இளம்பிள்ளை வாதம் ஆண்டுதோறும் குழந்தைகளின் கால்களைப் பறித்துக்கொண்டிருந்த காலம். 1920ஆம் ஆண்டு ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் நகரில் கூடிய மாநாட்டில், உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2 டாலர் செலுத்தி ஒரு குழந்தைகள் மருத்துவமனை நடத்தலாம் என்ற தீர்மானம் வந்தது. உறுப்பினர் எண்ணிக்கை அப்போது 3 லட்சத்தைத் தாண்டியிருந்ததால் தொகை பெரிதுதான். ஆனால் பலர் தயங்கினார்கள், தீர்மானம் தோற்றுவிடும் போலிருந்தது.

அப்போது எழுந்தவர் அட்லாண்டாவைச் சேர்ந்த ஃபாரஸ்ட் அடேர். முந்தைய இரவு தூங்கிக்கொண்டிருந்த தம்மை விடியற்காலை நான்கு மணி வாக்கில் தெருவில் கேட்ட ஊதுகுழல் ஓசை எழுப்பிவிட்டது என்று அவர் தொடங்கினார். கேளிக்கை முடிந்த பின்னும் அறைக்குப் போகாத பேண்டுக்காரர் ஒருவர், சோப்புக் குமிழி ஊதுவதைப் பற்றி அந்நாளில் எல்லோரும் முணுமுணுத்த பாட்டைத் தன்னந்தனியாக வாசித்துக்கொண்டே தெருவில் நடந்திருக்கிறார். நாமும் இத்தனை ஆண்டுகளாகப் பாட்டுக்கும் பேண்டுக்கும் பணத்தைக் கொட்டிக் குமிழிதானே ஊதிக்கொண்டிருக்கிறோம், இனி மனிதருக்காகச் செலவிடக் கூடாதா என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அவர் அமர்ந்தபோது எதிர்ப்பு கரைந்திருந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்தப் பெயர் தெரியாத பேண்டுக்காரருக்குத் தாம் என்ன செய்துவிட்டோம் என்று கடைசிவரை தெரிந்திருக்குமா என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

ஒரே மருத்துவமனை போதாது என்பது ஆராயப் போன குழுவுக்கு விரைவிலேயே புரிந்தது. முதலாவது 1922ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட்டில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் ஹொனலூலு, சான் பிரான்சிஸ்கோ, மான்ட்ரியல் என்று வரிசை நீண்டது. குழந்தைக்கு 14 வயது நிறைந்திருக்கக் கூடாது, குடும்பத்தால் செலவைத் தாங்க முடியாதிருக்க வேண்டும், சிகிச்சையால் பலன் கிடைக்கும் என்று தலைமை அறுவை மருத்துவர் கருத வேண்டும் என்பவையே சேர்க்கும் நிபந்தனைகள். இனமோ சமயமோ மேசன் உறவோ கேட்கப்படவில்லை. 1950களின் நடுவில் தடுப்பூசி வந்து இளம்பிள்ளை வாதம் ஒடுங்கத் தொடங்கியதும், இவர்கள் கடையை மூடிவிடாமல் தீக்காயத்தின் பக்கம் திரும்பினார்கள். உடலில் பாதிக்கு மேல் வெந்துபோன குழந்தை பிழைப்பது அரிதாக இருந்த அந்நாளில், குழந்தைகளின் தீக்காயத்துக்கென்றே 1966ஆம் ஆண்டு கால்வெஸ்டனிலும், 1968ஆம் ஆண்டு சின்சினாட்டியிலும் பாஸ்டனிலும் மருத்துவமனைகள் எழுந்தன. பெண்களின் பங்கையும் விட்டுவிடக் கூடாது: 1913ஆம் ஆண்டு சியாட்டிலில் தொடங்கிய ‘நைல் நதியின் புதல்விகள்’ சங்கத்தினர் இந்த வார்டுகளுக்காக உடைகளும் ஒட்டுப்போர்வைகளும் தைத்துக் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

கேள்வி: இன்றும் சிகிச்சை முழுக்க இலவசமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: முன்பு போல் இல்லை. 2008ஆம் ஆண்டின் பங்குச் சந்தைச் சரிவில் சுமார் 800 கோடி டாலராக இருந்த மூலதன நிதி 500 கோடி அளவுக்கு இறங்கியது. மொத்தம் 22 மருத்துவமனைகளில் ஆறை மூடலாம் என்ற யோசனை 2009ஆம் ஆண்டு சான் அன்டோனியோ மாநாட்டுக்கு வந்தது. அந்த ஆறில் முதன்முதலில் கட்டிய ஷ்ரீவ்போர்ட்டும் ஒன்று. உறுப்பினர்கள் வாக்களித்து யோசனையைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் 2011ஆம் ஆண்டிலிருந்து காப்பீடு உள்ள குடும்பங்களுக்காகக் காப்பீட்டு நிறுவனங்களிடம் பணம் பெறத் தொடங்கினார்கள். செலுத்த இயலாத குடும்பத்தின் குழந்தையைத் திருப்பி அனுப்புவதில்லை என்ற விதி தொடர்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இவர்கள் நடத்தும் சர்க்கஸுக்குச் சீட்டு வாங்கினால் அந்தப் பணம் பெரும்பாலும் உள்ளூர்க் கிளையின் செலவுக்கே போகும். குழந்தைகளுக்கு உதவ விரும்புபவர் நேராக மருத்துவமனைக்குக் கொடுப்பதே சரி.

கேள்வி: பிட்ஸ்பர்க்கில் படிக்கும் என் மகன் பழைய பொருள் சந்தையில் ‘சிரியா’ என்று மினுங்கும் எழுத்துகள் தைத்த சிவப்புத் தொப்பி ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். இது யாருடையது? இவர்கள் தங்கள் வரலாற்றைப் பாதுகாப்பதில்லையா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: சிரியா என்பது பிட்ஸ்பர்க் கிளையின் பெயர். எழுத்துகளுக்கு அருகில் வளைந்த வாளும் பிறையும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிறை இரண்டு வங்கப் புலி நகங்களை இணைத்த வடிவம் என்பது அவர்கள் விளக்கம். கீழே ஏதாவது பதவிப் பெயர் தைத்திருந்தால் தொப்பியின் சொந்தக்காரர் நிர்வாகியாக இருந்திருப்பார். உள்பட்டையைத் திருப்பிப் பார்த்தால் தைத்த கடையின் முத்திரையும், சில வேளைகளில் சொந்தக்காரரின் பெயரும் கிடைக்கும்.

உறுப்பினர் எண்ணிக்கை 1970களின் இறுதியில் 9 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இன்று அதில் நான்கில் ஒரு பங்கு அளவே மிஞ்சியிருப்பதால், பேரப்பிள்ளைகளுக்குப் பொருள் தெரியாத தொப்பிகள் சந்தைக்கு வந்துவிடுகின்றன. கட்டடங்களின் கதையும் பலவிதம். நியூயார்க்கின் மெக்கா கட்டடம் 1943ஆம் ஆண்டிலிருந்து ‘சிட்டி சென்டர்’ என்ற நாடக அரங்காகப் பிழைத்துக்கொண்டது. உங்கள் மகன் வாங்கிய தொப்பி புழங்கிய ‘சிரியா மாஸ்க்’ (சிரியா மசூதி) என்று பெயரிட்ட மண்டபமோ, ஊரார் எதிர்ப்பையும் மீறி 1991ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. வாங்கி இடித்தது ஒரு பல்கலைக்கழக மருத்துவ நிறுவனம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டனில் மேசன்களே 1975ஆம் ஆண்டு திறந்த அருங்காட்சியகம் இத்தகைய சங்கங்களின் தொப்பி, பதக்கம், ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது.

தொப்பியும் பதக்கமும் போதாது என்பது என் கருத்து. 1970ஆம் ஆண்டு இண்டியானாவின் எவன்ஸ்வில்லில் ஒரு செய்திப் புகைப்படக்காரர் எடுத்த படத்தில், ஷ்ரைனர் ஒருவர் ஒரு கையில் சிறுமியையும் மறு கையில் அவளுடைய ஊன்றுகோல்களையும் ஏந்தி நடக்கிறார். அந்தப் படம் சிலையாகவே வார்க்கப்பட்டு மருத்துவமனை வாசல்களில் நிற்கிறது. அதற்கு அருகில் 1929ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றையும் வைக்க வேண்டும். கறுப்பின மேசன்கள் 1893ஆம் ஆண்டு சிகாகோவில் தங்களுக்கென்று ஒரு ஷ்ரைனர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் அந்தப் பெயரையும் தொப்பியையும் பயன்படுத்தக் கூடாது என்று வெள்ளையர் அமைப்பினர் டெக்சாஸில் வழக்குத் தொடுத்து, மாநில நீதிமன்றங்களில் வென்றும்விட்டார்கள். இத்தனை ஆண்டுகள் அறிந்தும் பேசாதிருந்துவிட்டு இப்போது தடை கேட்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. கட்டிலில் கிடந்த குழந்தையிடம் இனம் கேட்காத அதே கூட்டம்தான் தொப்பிக்கு இனம் கேட்டது. இரண்டையும் ஒரே அறையில் வைக்காத காட்சியகம் பாதி வரலாற்றைத்தான் காட்டும்.

தொப்பியைக் கழுவ வேண்டாம். கம்பளி சுருங்கும், சாயம் இறங்கும். உள்ளே மெல்லிய வெள்ளைத் தாளைச் சுருட்டி வைத்து, குஞ்சம் மடங்காதபடி அட்டைப் பெட்டியில் நிறுத்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.