ஆந்தைக் காசின் வெட்டுத் தழும்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸின், ஒரு பக்கம் ஆந்தை பொறித்த வெள்ளிக்காசு ஒன்று வாங்கினேன். ஆந்தையின் மேல் ஆழமாக ஒரு வெட்டு. பழுதான காசை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: அவசரப்பட வேண்டாம். உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடு என்று அன்றைக்கே போலிகள் புழங்கின. சந்தேகப்பட்டவர்கள் உளியால் ஒரு வெட்டுப் போட்டுப் பார்த்தார்கள். ஏதென்ஸில் கி.மு. 375-ஐ ஒட்டி இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. சந்தையில் உட்கார்ந்து காசுகளைச் சோதிப்பது ஓர் அரசு அடிமையின் வேலை. உள்ளே செம்போ ஈயமோ தெரிந்தால் அங்கேயே வெட்டிவிடுவார். அந்தக் காசு மறுபடி புழக்கத்துக்கு வராது. சட்டம் பொறித்த கல் 1970-இல் ஏதென்ஸின் பழைய சந்தைவெளியான அகோராவில் கிடைத்தது.

வெட்டின் உட்புறத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். காசின் மேற்பரப்பைப் போலவே அதுவும் கருத்திருந்தால் பழைய வெட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். பளிச்சென்று இருந்தால் விற்றவரிடம் பேச வேண்டியதுதான். எனக்கென்னவோ தழும்புள்ள காசுதான் பிடிக்கும். யாரோ ஒரு வியாபாரி அதை நம்பாமல் பார்த்திருக்கிறான் இல்லையா!

கேள்வி: என் நான்கு டிராக்மா (பழைய கிரேக்க நாணய அலகு) ஆந்தைக் காசு 15.6 கிராம்தான் இருக்கிறது. சரியா?

பதில்: 17.2 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். தேய்மானத்துக்குக் கொஞ்சம் விடலாம், இவ்வளவு விட முடியாது. நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். உங்கள் 15.6 கிராம் காசு நல்ல வெள்ளி என்றால் தராசு 1.5 கிராம் அளவில் காட்டும். 1.7-ஐத் தாண்டினால் உள்ளே செம்பு இருக்கலாம்.

கேள்வி: காசின் மறுபக்கத்தில் உள்ள அத்தீனா தேவியின் தலைக்கவசக் கொண்டை பாதிதான் தெரிகிறதே?

பதில்: பெரும்பாலான ஆந்தைகளில் அப்படித்தான். கையால் அடித்த காசு. அச்சு பெரிது, வெள்ளித் துண்டு சிறிது.

கேள்வி: காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் அத்தீனாவின் கண்ணைப் பாருங்கள். முகம் பக்கவாட்டில் இருந்தும் கண் மட்டும் நம்மை நேராகப் பார்த்தால் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு பாணி. கண்ணும் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் 4-ஆம் நூற்றாண்டு. இந்தக் காசுகளுக்கான வெள்ளி வந்தது ஏதென்ஸை அடுத்த லாரியான் சுரங்கங்களிலிருந்து. கி.மு. 483-இல் அங்கே பெரிய படிவு கிடைத்தபோது, ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடலாம் என்றார்கள். ஏதென்ஸின் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் அதை மறித்துப் போர்க்கப்பல் கட்டவைத்தார். மூன்றே ஆண்டில் சாலமிஸ் தீவருகே பாரசீகக் கடற்படை தோற்றது.

கேள்வி: கருத்துப்போன காசை விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: குத்துவிளக்கா அது? தொடாதீர்கள். பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் பதத்தில் இருக்கலாம். பிவிசி பிளாஸ்டிக் உறையிலும் போடாதீர்கள், பச்சையாகப் பிசுபிசுக்கும்.

கேள்வி: ரசீது இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கடத்தல் காசாக இருக்கலாம். துருக்கியின் எல்மலி அருகே 1984-இல் தோண்டியெடுத்துக் கடத்திய புதையலில் சுமார் 1,900 வெள்ளிக்காசுகள் இருந்தன. பெரும்பகுதி 1999-இல் துருக்கிக்கே திரும்பிப் போயிற்று. பழைய ஏலப் பட்டியலில் உங்கள் காசின் படம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒவ்வொரு காசிலும் விளிம்பும் வெட்டும் வேறு வேறு என்பதால், படம் கிடைத்தால் அடையாளம் காண்பது எளிது.