கார் என்ன செய்தது என்று சொல்லுங்கள், மீதியை மெக்கானிக் பார்த்துக்கொள்வார்

காரைக்குடியில் முப்பது வருடத்துக்குப் பக்கமாகக் கார் பட்டறை நடத்தியவன் நான். இப்போது பட்டறை பையன் கையில். எனக்கு வாசலில் நாற்காலி, வருகிறவர்களோடு பேச்சு. "கார் பராமரிப்பு, பட்டறையில் பேசுவது, எதுவானாலும் கேளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (கானாடுகாத்தான்): நாங்கள் சென்னையில் இருக்கிறோம். ஊர் வீட்டில் ஒரு கார் நிற்கிறது. கல்யாணம், திருவிழா என்று வருடத்துக்கு இரண்டு முறை வருவோம். ஒவ்வொரு முறையும் செல்ஃப் எடுப்பதில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறார். அப்படியும் ஏன்?

அந்த ஐந்து நிமிடம்தான் பாதிப் பிரச்சினை. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியிலிருந்து ஒரு பெரிய வாய் போகிறது. ஐந்து நிமிட ஐட்லிங்கில் அது திரும்பி வராது. சைலன்சருக்குள் சேர்கிற ஈரமும் காயாது. எடுத்தால் 20, 30 நிமிடம் ரோட்டில் ஓட்ட வேண்டும். ஓட்ட ஆள் இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

சும்மா நிற்கிற காரும் கரண்ட் குடிக்கும். கடிகாரம், அலாரம், ரிமோட் பூட்டு எல்லாம் விழித்துக்கொண்டே இருக்கின்றன. பொதுவாக 20 முதல் 50 மில்லியாம்ப். 30 என்று வைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 0.7 ஆம்பியர்-மணி. சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் போய்விடும், ஏழு வாரத்தில் சுத்தமாகக் காலி. காலியாகவே கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டு, அப்புறம் சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. (பேட்டரியையும் துருவையும் ஆராய்கிற சிக்ரி இருக்கிற ஊர் இது. இங்கேதான் பூட்டிய வீடுகளில் இத்தனை பேட்டரி செத்துக் கிடக்கிறது.)

சென்னைக்குக் கிளம்பும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். டயரில் வழக்கத்தைவிட 5 பிஎஸ்ஐ கூடக் காற்று. டேங்கை நிரப்பி வையுங்கள், காலி இடம் குறைந்தால் ஈரம் சேர்வதும் குறையும். ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், மாதக்கணக்கில் போட்டு வைத்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

திரும்பி வந்ததும் சாவி போடும் முன் பானட்டைத் திறந்து பாருங்கள். ஆள் இல்லாத வீட்டில் எலிக்குக் கார்தான் பங்களா. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் பஞ்சும் தாளும் சேர்த்துக் கூடு கட்டியிருக்கும், வயரைக் கடித்திருக்கும். பட்டறைக்குப் போன் செய்தால் முதல் வரியே "எட்டு மாதம் நின்ற கார்" என்று இருக்கட்டும். "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொன்னால் எங்கள் பையன் ஒரு ஜம்பர் வயரோடு மட்டும் வருவான்.

கேள்வி (செக்காலை): ஏதோ சத்தம் வருகிறது என்று போனால் "எங்களுக்குக் கேட்கலையே சார்" என்று அனுப்பிவிடுகிறார்கள். எப்படிச் சொல்வது?

இதற்குத்தான் காத்திருந்தேன்.

முதலில் என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு சென்னையிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒருவர், "பேட்டரி போச்சு, மாத்துங்க" என்றார். மாற்றினேன். மறுநாள் அதிகாலை, மாப்பிள்ளையைக் கூட்டி வர வேண்டிய நேரத்தில், மண்டப வாசலில் கார் மறுபடி செத்துக் கிடந்தது. போய்ப் பார்த்தால் புதிதாக மாட்டிய கேமராவின் வயரைச் சாவி அணைத்தாலும் ஓடும்படி நேராகக் கொடுத்திருந்தார்கள். ராத்திரி முழுக்க அது குடித்திருக்கிறது. அவர் பேட்டரி கேட்டார், நான் பேட்டரி விற்றேன். "எப்போதிருந்து? புதிதாக ஏதாவது மாட்டினீர்களா?" என்று நானும் கேட்கவில்லை, "ராத்திரி நிறுத்தினால் காலையில் எடுக்கவில்லை, பகலில் பரவாயில்லை" என்று அவரும் சொல்லவில்லை.

டாக்டரிடம் போய் "எனக்கு டைபாய்டு, மருந்து கொடுங்கள்" என்றா சொல்கிறோம்? எத்தனை நாளாகக் காய்ச்சல், எந்த நேரத்தில் ஏறுகிறது என்றுதானே சொல்கிறோம். காருக்கும் அதுவே. எந்தப் பாகம் போனது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். எப்போது, எந்த வேகத்தில், எஞ்சின் சூடா ஆறியதா, திருப்பும்போதா நேராகவா, பிரேக் மிதித்தால் கூடுகிறதா நிற்கிறதா, எந்தப் பக்கம்? இவ்வளவுதான்.

சத்தத்தைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். நம் மொழியில் இரட்டைக்கிளவி எதற்கு இருக்கிறது? "டக் டக் டக்" வேறு, "கரகர" வேறு, "கீச்" வேறு. முழுதாக ஒடித்துத் திருப்பும்போது டக் டக் டக் என்றால் ஆக்சில் ஜாயின்ட் பக்கம் போவேன். வேகத்தடையில் ஒரே ஒரு "டொக்" என்றால் சஸ்பென்ஷனில் புஷ், லிங்க் ராடு. வேகம் ஏற ஏற "ஊ…" என்று ஏறி, வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மாறினால் வீல் பேரிங். லேசாகப் பிரேக் தொட்டதும் கீச் என்றால் பேட் தேய்ந்திருக்கலாம், வெறும் தூசியாகவும் இருக்கலாம். அதுவே கரகரவென்று இரும்பு அரைக்கிற சத்தமானால் ஓட்டி வராதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். இதைப் படித்துவிட்டு "பேரிங் போச்சு, மாத்துங்க" என்று வந்து நின்றால் மறுபடி முதல் கதைதான்.

நல்ல தகவல் எப்படி இருக்கும் என்றால், கழனிவாசலிலிருந்து வரும் ஒரு டீச்சர் போன மாதம் எழுதிக் கொண்டுவந்த துண்டுச்சீட்டு மாதிரி: "ஒரு வாரமாக. இடது முன் பக்கம். கல் ரோட்டில் மட்டும் கடகட. பிரேக்கில் கால் வைத்தால் நின்றுவிடுகிறது." பையன் நேராகப் போய்ப் பார்த்தான். பிரேக் பேடைப் பிடிக்கிற கிளிப் ஒன்று விழுந்திருந்தது. பத்து நிமிட வேலை.

"கேட்கலையே" என்றால், "வாங்க, ஒரு டிரையல் போவோம்" என்று கூப்பிட்டு நீங்களே ஓட்டுங்கள். உங்கள் காலுக்கும் கைக்கும் பழகிய சத்தம் வேறு ஆள் ஓட்டினால் சில நேரம் வராது. பக்கத்தில் இருப்பவர் போனில் பதிந்து வைப்பதும் நல்லது.

கேள்வி (குன்றக்குடி): தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணத்தின் பின்னால் சாப்பாடு, தண்ணீர் ஏற்றிக்கொண்டு எங்கள் கார் போகும். போன முறை சிங்கம்புணரி தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏறிவிட்டது. ஊருக்குத் திரும்பும்போது வேகமாகத்தான் வந்தேன், ஒன்றும் ஆகவில்லை. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது தம்பி. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நடை வேகத்தில் அந்த வேலை முழுவதும் மின்விசிறியுடையது. மெதுவாகப் போனால் மட்டும் சூடேறுகிறது என்றால் முதலில் ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ், சென்சார். எதிர்மாறாக, நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால்தான் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், கூலன்ட் குறைவு என்று பார்ப்போம். நீங்கள் எழுதிய அதே இரண்டு வரியைப் பட்டறையில் சொல்லியிருந்தீர்களா? ரேடியேட்டர் என்று சொன்னவரிடம் "நிறுத்தி ஏசி போட்டால் ஃபேன் ஓடுகிறதா, பாருங்கள்" என்று கேளுங்கள்.

இன்னொன்று, நடக்கிறவர்கள் பின்னாலேயே அரைக் கிளட்ச்சில் ஊர்வதால் கிளட்ச் தட்டு எரியும். இரண்டு கிலோமீட்டர் முன்னால் போய் நிழலில் நிறுத்துங்கள், அவர்கள் வந்து சேரட்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஊற்றுவதும் கூலன்ட்தான், போர் தண்ணீர் அல்ல. நம் ஊர்த் தண்ணீரின் உப்பு குடத்தில் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவே எஞ்சினுக்குள்ளும் படியும்.

கேள்வி (தேவகோட்டை): கார் ஓட்டுவது நான். பட்டறையில் நான் கேட்கிற கேள்விக்கு என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள்.

தப்பு எங்கள் ஆட்கள் மேல்தான் ஆச்சி, மழுப்ப ஒன்றுமில்லை. ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது பட்டறையில் எழுதுகிற வேலைச் சீட்டு) உங்கள் பெயர், உங்கள் நம்பர் மட்டும் எழுதச் சொல்லுங்கள். டிரையலுக்கு நீங்கள் ஓட்டுங்கள், மெக்கானிக் பக்கத்தில் உட்காரட்டும். அதற்கப்புறமும் அப்படியே நடந்தால் பட்டறையை மாற்றுங்கள்.

கேள்வி (திருப்பத்தூர்): செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. மச்சான் ஆன்லைனில் வாங்கிய ஸ்கேனரை மாட்டி அணைத்துவிட்டான். பட்டறையில் "எதுவும் காட்டவில்லை" என்கிறார்கள்.

மச்சான் தடயத்தைத் துடைத்துவிட்டார். கோளாறு எண்ணோடு, அது வந்த நேரத்தில் வேகம், சூடு, எஞ்சின் சுற்று என்ன என்ற பதிவும் அழிந்துவிடும். படிக்கலாம், அழிக்கக் கூடாது. எண்ணை எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள். அந்த எண்ணும் பாகத்தின் பெயர் அல்ல. ஆக்ஸிஜன் சென்சார் என்று காட்டினால் சென்சாரே கெட்டிருக்கலாம், வயரும் இருக்கலாம், சைலன்சரில் ஒரு ஓட்டையும் இருக்கலாம். விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வரலாம். அணைந்து அணைந்து எரிந்தால் எஞ்சின் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, ஓரம் கட்டிவிடுங்கள்.

கேள்வி (காரைக்குடி): 4,000 ஆகும் என்றார்கள், பில் 9,500 வந்தது. இதை எப்படித் தடுப்பது?

வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள்: "சொன்னதைவிட 500 ரூபாய் கூடினாலும் போன் செய்யுங்கள், நான் சரி என்றபிறகு தொடங்குங்கள்." வாயால் சொன்னது போதாது, ஜாப் கார்டில் எழுத வையுங்கள். போன் வந்தால் ஒரே கேள்வி: "இது இன்றைக்கே செய்ய வேண்டியதா, அடுத்த சர்வீஸ் வரை தாங்குமா, செய்யாவிட்டாலும் ஓடுமா?" நேர்மையான மெக்கானிக் தயங்காமல் பிரித்துச் சொல்வார்.

கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், புதியது வந்த பெட்டியையும் பாருங்கள். "ஒரிஜினல் சார்" என்ற சொல்லை நம்ப வேண்டாம். எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு நாலு அர்த்தம். கார் கம்பெனியின் பெட்டியா, அந்தக் கம்பெனிக்குப் பாகம் செய்து தருகிறவரின் பெட்டியா, இரண்டும் இல்லையா என்று கேளுங்கள். இரண்டாவது பல நேரம் நல்ல பொருளே.

பேரம் பேசலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். பேசுங்கள். ஆனால் கூலியில் பிடுங்குகிற 200 ரூபாய், மாற்ற வேண்டிய ஒரு கேஸ்கெட்டை மாற்றாமல் விடுவதில் போய் நிற்கும். நானே அப்படி விட்டிருக்கிறேன்.

கேள்வி (புதுவயல்): வருடா வருடம் ஏசி கேஸ் நிரப்புகிறோம். சரியா?

இல்லை. அது பெட்ரோல் மாதிரி தீர்கிற சமாச்சாரம் அல்ல, மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. வருடந்தோறும் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. "லீக் டெஸ்ட் செய்துவிட்டு நிரப்புங்கள்" என்று சொல்லுங்கள். அதற்கும் முன்னால் கேபின் ஃபில்டரையும், முன்னால் இருக்கிற கண்டென்சரையும் பாருங்கள். நம் செம்மண் தூசி அடைத்தாலே குளிர் பாதியாகிவிடும்.

கேள்வி (கொத்தமங்கலம்): ஐயா வாங்கி, அப்பச்சி ஓட்டிய அம்பாசிடர் கொட்டகையில் ஆறு வருடமாக நிற்கிறது. இரண்டு வாரத்தில் தங்கச்சி கல்யாணம். அதில் மாப்பிள்ளையை அழைத்து வர ஆசை.

ஆசை நியாயம், இரண்டு வாரம் போதாது. பழைய பெட்ரோல் வார்னிஷ் ஆகியிருக்கும். டேங்க், கார்புரேட்டர் இரண்டையும் கழற்றிக் கழுவ வேண்டும். பிரேக் சிலிண்டர்கள் இறுகியிருக்கும். ஓடவைப்பது எளிது, நிறுத்துவதுதான் கஷ்டம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சிறிது எண்ணெய் விட்டுக் கையால் சுற்றிப் பார்க்கும் முன் யாரையும் செல்ஃப் அடிக்க விடாதீர்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுவது நல்லது. ஆர்.சி.யையும் பாருங்கள், முதல் 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்திருக்க வேண்டும். கல்யாணத்தன்று துடைத்து, மாலை போட்டு, முகப்பு வாசலில் நிறுத்துங்கள். போட்டோவுக்கு அது போதும்.

கேள்வி (பொன்னமராவதி): டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற மேடு) நிறைய இருக்கிறது. மாற்ற வேண்டும் என்கிறார்கள், ஏமாற்றா?

பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். அவ்வளவு பழசு என்றால், ஓரத்தில் வெடிப்பும் இருந்தால், அவர் ஏமாற்றவில்லை.

கேள்வி (காரைக்குடி): வேலை சரியில்லை, திரும்பிப் போனால் கண்டுகொள்ளவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் சண்டை வேண்டாம். பில், ஜாப் கார்டு இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன குறை என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள், சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுங்கள். இரண்டு பட்டறையில் கை வைத்துவிட்டால் யார் தப்பு என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது, அதனால் அதற்குள் வேறு இடத்தில் கழற்ற விடாதீர்கள். மசியவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பில் வேண்டாம், ஜிஎஸ்டி மிச்சம் என்று முன்பு சொல்லியிருந்தால் அங்கே காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

கடைசிக் கேள்வி (பள்ளத்தூர்): பட்டறைக்கு எப்போது வந்தால் நிதானமாகப் பார்ப்பீர்கள்?

சனிக்கிழமை சாயங்காலம் வேண்டாம். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் வேண்டவே வேண்டாம். ஆயுத பூஜை வாரத்தில் நாங்களே ஸ்பேனரைக் கழுவிக்கொண்டிருப்போம். செவ்வாய், புதன் காலை நல்லது. காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிற கார் என்றால் அதுவும் சரிப்படாது. எப்படியோ கிளப்பி, சூடாக்கி எடுத்து வந்தால் எங்கள் முன்னால் நிற்பது நல்ல கார். முந்தின நாள் ராத்திரியே விட்டுவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். பள்ளத்தூருக்கு பஸ் இருக்கிறது.